பேராசிரியர் அழகையா துரைராஜா: பேராதனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன பொறியியலாளர்

மழைக்காலம் தொடங்கி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போதெல்லாம் பதுளை மாவட்டத்திலிருந்து அடிக்கடி கேட்கும் பெயர்கள் பசறை, லுணுகலை, ஹல்துமுல்லை என்பவைதான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. இரவில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய்ப் படுப்பதும், மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புவதும் பல குடும்பங்களுக்குப் பழகிப்போன விடயம். அதே மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது அறிவியல். செய்யாமல் விட்டது நிர்வாகம்.

ஒரு சரிவு ஏன் பல ஆண்டுகள் அசையாமல் நின்றுவிட்டு ஒரு நாள் காலையில் நழுவுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் துறைக்கு மண் பொறியியல் என்று பெயர். இன்று உலகெங்கும் அந்தத் துறையைப் படிக்கும் மாணவர்கள் ஒரு கட்டத்தில் வடமராட்சிக்காரர் ஒருவரின் பெயரைக் கடந்தே போகிறார்கள். அவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. மண் ஆய்வாளராகத் தொடங்கி, பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்து, போரின் நடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். யாழ்ப்பாணத்தில் அவரை நினைவு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சைக்கிளில் வந்த துணைவேந்தர் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய துரைராஜாவைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

1934 நவம்பர் 10ஆம் திகதி வடமராட்சியில் உடுப்பிட்டிப் பகுதியில் பிறந்தார். உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியிலும் பின்னர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் படித்தார். கணிதமும் விஞ்ஞானமும் ஹாட்லியின் பலம். அந்தக் காலத்தில் அங்கிருந்து பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போனவர்களின் வரிசை நீளமானது. 1945இல் வந்த இலவசக் கல்வி வடமராட்சி போன்ற ஊர்களில் ஏற்கெனவே இருந்த பாடசாலைகளோடு சேர்ந்து ஒரு ஏணியானது. அதே ஆண்டுகளில் லுணுகலைத் தோட்டப் பிள்ளைக்கு அந்த ஏணியின் முதல் படிகூட எட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள், ஒரே நாட்டில், ஒரே காலத்தில்.

1953இல் துரைராஜா இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானார். அந்தப் பீடம் தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்போது அது கொழும்பில் இயங்கியது. பேராதனைக்கு மாறியது 1960களின் நடுப்பகுதியில். பீடத்தைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் ஈ.ஓ.ஈ. பெரேரா. நாட்டுக்குத் தேவையான பொறியியலாளர்களை நாட்டுக்குள்ளேயே, வெளிநாட்டுத் தரத்துக்குக் குறையாமல் உருவாக்க முடியும் என்று நம்பி வேலை செய்தவர். பின்னாளில் அவரும் துணைவேந்தரானார். துரைராஜா படித்த வகுப்பறைகளில் அந்த நம்பிக்கைதான் இருந்தது. 1957இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். 1958இல் கேம்பிரிட்ஜ் போனார்.

கேம்பிரிட்ஜில் அப்போது கென்னத் ரொஸ்கோ என்பவரைச் சுற்றி ஒரு சிறு குழு மண்ணைப் பற்றிய பழைய எண்ணங்களை மாற்றிக்கொண்டிருந்தது. இரும்பு எவ்வளவு பாரத்தில் வளையும், எவ்வளவில் முறியும் என்று பொறியியலாளர்களுக்குத் தெரியும். ஆனால் மண் அப்படியான பொருள் அல்ல. அது மணிகளும் அவற்றுக்கிடையில் நீரும் காற்றும் சேர்ந்தது. நெருக்கமாகக் கிடக்கும் மண்ணை நகர்த்தினால் அது வீங்கும். தளர்வாகக் கிடப்பதை நகர்த்தினால் சுருங்கும். எப்படித் தொடங்கினாலும், தொடர்ந்து நகர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வீங்குவதும் சுருங்குவதும் நின்று, கனவளவு மாறாமல் கூழ்போல ஓடத் தொடங்கும். அந்த நிலையை அவர்கள் மாறுநிலை என்று கருதினார்கள். அங்கே போய்ச் சேரும்வரை மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்குத் தேவைப்பட்டது.

துரைராஜா செய்தது இதுதான். கயோலின் என்னும் வெண்களியையும் மணலையும் ஆய்வுகூடத்தில் எல்லாப் பக்கத்தாலும் அழுத்தி, மெதுவாக நசுக்கி, எவ்வளவு விசை கொடுத்தோம், மண் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சுருங்கியது என்று அளந்தார். மண்ணுக்குள் நாம் செலுத்திய வேலையில் ஒரு பகுதி, வில்லை அழுத்தினால் அதில் தங்குவதுபோல், மீளக்கூடியதாகச் சேமிக்கப்படும். மீதி, மணியோடு மணி உரசி, வெப்பமாகிப் போய்விடும். திரும்பி வராது. அந்த இரண்டாவது பகுதியை அவர் பிரித்துக் கணக்கிட்டபோது எதிர்பாராத எளிமை ஒன்று தெரிந்தது. மண் வீங்கிக்கொண்டிருந்தாலும் சுருங்கிக்கொண்டிருந்தாலும், உரசலில் போகும் சக்தி இரண்டே விடயங்களைப் பொறுத்திருந்தது. மணிகள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன என்பது ஒன்று. மண் எவ்வளவு உருத்திரிந்தது என்பது மற்றது. இவை இரண்டையும் அந்த மண்ணுக்குரிய ஒரு மாறிலியால் பெருக்கினால் விடை வந்துவிடும்.

கேட்பதற்குச் சிறிய விடயம் போலிருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான், ஒரு மண் எந்த நிலையில் தாங்கும், எந்த நிலையில் இணங்கிக் கொடுக்கும் என்பதற்கு முழுமையான சமன்பாடு ஒன்றை எழுத முடிந்தது. ரொஸ்கோ, அண்ட்ரூ ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் சேர்ந்து 1963இல் ஜியோடெக்னிக் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் அந்த மாதிரி கேம் களி என்று அழைக்கப்படலாயிற்று. அணைகள், சுரங்கப் பாதைகள், துறைமுகங்கள், உயர்ந்த கட்டிடங்களின் அத்திவாரங்கள் என்று மென்மையான களிமண்ணில் வேலை செய்யும் பொறியியலாளர்களின் கணினி நிரல்களில் இன்றும் அதுவோ அதன் வழிவந்த மாதிரிகளோ இருக்கின்றன. ஸ்கோஃபீல்ட் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நூலிலும் அந்த உரசல் கணக்கைத் துரைராஜாவின் பெயரோடேயே பேசினார். மாணவனின் வேலையை ஆசிரியர் தன் கணக்கில் எழுதிக்கொள்வது சாதாரணமாக நடக்கும் உலகத்தில் இது கவனிக்க வேண்டிய நேர்மை.

இதையும் மலையகச் சரிவையும் இணைத்துப் பார்ப்பது தவறல்ல. கேம்பிரிட்ஜில் சோதித்தது தயாரித்தெடுத்த களி. லுணுகலைச் சரிவில் இருப்பது பாறை உக்கி உண்டான மண்ணும், கற்களும், வேர்களும், தோட்டக்காரர் வெட்டிய வடிகான்களும். கேம் களிச் சமன்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஒரு லயம் எப்போது புதையும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். மண்ணின் பலம் மணிகள் ஒன்றையொன்று அழுத்துவதில் இருக்கிறது. நாட்கணக்கில் மழை பெய்து நீர் உள்ளே இறங்கும்போது, மேலே இருக்கும் பாரத்தில் ஒரு பங்கை நீர் தாங்கிக்கொள்கிறது. மணிகளுக்கிடையேயான அழுத்தம் குறைகிறது. உரசல் குறைகிறது. சரிவு அதே சரிவுதான், மண் அதே மண்தான், ஆனால் பிடி போய்விட்டது. சுவரில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று பொங்கும் அல்லது வற்றும் ஊற்று என்பவற்றைக் கண்டால் உடனே வெளியேறச் சொல்வது இதனால்தான்.

1960களின் தொடக்கத்தில் கலாநிதிப் பட்டத்துடன் துரைராஜா நாடு திரும்பினார். அந்தத் தகுதியோடு இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்துவிடுவது சுலபம். அவர் தன்னைப் படிப்பித்த பீடத்திலேயே விரிவுரையாளரானார். அடுத்த கால் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. பேராசிரியரானார். 1975 முதல் 1977 வரையும், மீண்டும் 1982 முதல் 1985 வரையும் பீடாதிபதியாக இருந்தார். நாட்டின் வீதிகளையும் நீர்த்தேக்கங்களையும் மின்நிலையங்களையும் கட்டிய சிங்கள, தமிழ், முஸ்லிம் பொறியியலாளர்களில் ஒரு தலைமுறை அவரிடம் மண் பொறியியல் படித்தது.

ஆனால் அந்த ஆண்டுகள் வகுப்பறைக்குள் மட்டும் நடந்தவை அல்ல. 1970 - 71 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு நுழைய சிங்கள மொழியில் பரீட்சை எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றானது. உள்ளே போன பின் எல்லோரும் படித்தது ஒரே ஆங்கில விரிவுரையை. தரப்படுத்தல் என்ற அந்தச் சொல் ஒரு தலைமுறை இளைஞர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இந்த வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. காகிதத்தில் பார்த்தால் அது பதுளை போன்ற மாவட்டங்களுக்கு நல்லது. ஆனால் உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கோட்டாவால் அப்போது கிடைத்தது எதுவுமில்லை. யாழ்ப்பாணத்தில் கதவு சாத்தப்பட்டது. மலையகத்தில் கதவுக்குப் போகும் பாதையே இல்லை. இரண்டையும் ஒரே அநீதி என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர் இரண்டாம் முறை பீடாதிபதியாக இருந்தபோது, 1983 மே மாதத்தில், பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். இரண்டு மாதத்தில் ஜூலை வந்தது. பதுளை நகரம் எரிந்தது. தோட்டங்களிலிருந்து லொறிகளில் ஏறிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய் இறங்கின. 1958இலும் 1977இலும் போனவர்களின் பின்னால் இவர்களும் போனார்கள். தமிழ்ப் பொறியியலாளர்களும் விரிவுரையாளர்களும் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனது இந்த ஆண்டுகளில்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. துரைராஜா பீடாதிபதிப் பதவிக்காலம் முடியும்வரை அங்கே இருந்தார். பின்னர் திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பீடத்துக்குப் பொறுப்பாக இருந்தார்.

1988 செப்டெம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வகித்த பதவி அது. 1974இல் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு ஒரு வளாகமாகத் தொடங்கிய நிறுவனம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகியிருந்தது. அவர் பொறுப்பேற்பதற்கு ஒரு வருடம்கூட ஆகாத முன்னர்தான், 1987 ஒக்டோபரில், இந்திய இராணுவத்தின் கொமாண்டோக்கள் ஹெலிகொப்டர்களில் வந்து அந்த வளாகத்து மைதானத்தில் இறங்கியிருந்தார்கள். நகரத்தின் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டிருந்தது. துணைவேந்தர் பதவி அந்த நாட்களில் தெற்கிலும் பாதுகாப்பான பதவி அல்ல. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் 1988 டிசெம்பரிலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சிலும் கொல்லப்பட்டார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சியால் தெற்குப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன.

1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம, மாணவர்களின் பரீட்சை வேலையை முடித்துவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். துரைராஜா துணைவேந்தராகி ஒரு வருடம். மனித உரிமைகளைப் பற்றி எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்ட ஒருவரை அந்தப் பல்கலைக்கழகம் இழந்தது. துரைராஜாவின் காலத்தைப் பெருமையாக எழுதுபவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டிப் போகக்கூடாது. அந்தக் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவதென்றால் வெளியே இருந்த இராணுவத்தோடு மட்டுமல்ல, உள்ளே நிலவிய பயத்தோடும் நடத்த வேண்டியிருந்தது.

1990 மார்ச்சில் இந்திய இராணுவம் வெளியேறியது. ஜூனில் மீண்டும் போர். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, மின்கலம் எல்லாம் தடைப்பட்டியலில். அந்த ஐந்து ஆண்டுகளை அங்கே கழித்தவர்களுக்கு எதுவும் நினைவூட்டத் தேவையில்லை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு, சைக்கிள் டைனமோவில் கேட்ட வானொலிச் செய்தி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், குண்டுவீச்சு விமானம் வந்தால் பதுங்குகுழி. துணைவேந்தரும் சைக்கிளில்தான் வளாகத்துக்கு வந்தார். ஊரே சைக்கிளில் போன காலம் என்பதால் அதை எளிமை என்று மட்டும் சொல்வதற்கில்லை. ஆனால் கொழும்பிலோ கனடாவிலோ காரில் போயிருக்கக்கூடிய ஒருவர் அந்த ஊரோடு சேர்ந்து மிதித்தார் என்பதைத்தான் மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் ஒரு பல்கலைக்கழகம் இயங்குவதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வினாத்தாள் அச்சிடக் காகிதம் வேண்டும். இரசாயன ஆய்வுகூடத்துக்குப் பொருட்கள் வேண்டும். மருத்துவ மாணவர்களின் இறுதிப் பரீட்சைக்கு வெளிப் பரீட்சகர்கள் வர வேண்டும். சம்பளப் பணம் வர வேண்டும். எல்லாமே கொழும்பில். 1991இல் ஆனையிறவுச் சண்டைக்குப் பின் தரைவழி இல்லை. பூநகரிப் பக்கமும் அடைபட்டது. எஞ்சியது இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடக்கும் பாதை. கடற்படையின் சூட்டில் எத்தனையோ பயணிகள் அங்கே இறந்தார்கள். விரிவுரையாளருக்கும் மாணவனுக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அந்த ஒரே பாதைதான். இத்தனைக்கும் நடுவில் விரிவுரைகள் நடந்தன, பரீட்சைகள் பிந்தினாலும் நடந்தன, மருத்துவர்கள் வெளியேறி அதே யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். போர் முடியட்டும், பிறகு திறப்போம் என்று மூடி வைத்திருந்தால் கேள்வி கேட்டிருக்க யாருமில்லை. ஆனால் அந்த மாணவர்களுக்குத் திரும்ப இளமை வந்திருக்காது.

நடத்தியது மட்டுமல்ல, விரிவுபடுத்தவும் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. 1991இல் வவுனியாவில் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. குடாநாட்டுக்குள் எல்லாவற்றையும் குவித்து வைக்கும் பழைய யாழ்ப்பாண வழக்கத்துக்கு இது மாறானது. வன்னியில் விவசாய பீடம் என்பது பயிர் விளையும் இடத்தில் பயிரைப் படிப்பது என்ற பொறியியல் சிந்தனை. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அப்போது காடு வெட்டிக் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பெரும் பங்கினர் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கலவரங்களில் துரத்தப்பட்டு வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது அதுவே முதல் தடவை. லுணுகலையிலிருந்து போன குடும்பத்துக்கு யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்பது கிலோமீற்றரில் அளக்கும் விடயம் அல்ல.

இந்த ஆண்டுகளில் அவர் மண்ணைப் பற்றிய ஆய்வுக்குத் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது. மின்சாரமில்லாத ஊரில் களியை அழுத்திப் பார்க்கும் கருவி எப்படி ஓடும்? உலகம் அறிந்த மண் ஆய்வாளர் ஒருவரின் கடைசிக் காலம் அனுமதிப் பத்திரங்களுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடிதம் எழுதுவதில் கழிந்தது. இது துறைக்கு நட்டம்தான். அந்த நட்டத்தை மறைத்துவிட்டு அவருடைய சேவையைப் புகழ்வது அவருக்குச் செய்யும் நியாயமல்ல.

நோய் அவரைச் சீக்கிரமே பிடித்தது. 1994 ஜூன் 11ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 59. விடுதலைப் புலிகள் அவருக்கு மாமனிதர் என்ற விருதை வழங்கினார்கள். பல்கலைக்கழகங்கள் அவர் பெயரில் நினைவுப் பேருரைகள் நடத்தின. பேராதனையில் அவரிடம் படித்த சிங்களப் பொறியியலாளர்களும், யாழ்ப்பாணத்தில் அவர் காலத்தில் பட்டம் பெற்ற தமிழ் மாணவர்களும், கேம்பிரிட்ஜில் அவர் கணக்கைப் பயன்படுத்தியவர்களும் ஒரே மனிதருக்காக வருந்தினார்கள். அப்படியொரு கூட்டம் அந்த ஆண்டுகளில் வேறு யாருக்குச் சேர்ந்திருக்கும் என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து கிளாலிப் பக்கமும் தென்மராட்சிப் பக்கமும் நடந்ததை அவர் பார்க்கவில்லை. கிளிநொச்சி விவசாய பீடமும் அடுத்தடுத்த சண்டைகளில் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே சொந்த இடத்துக்கு வந்தது. வவுனியாக் கல்லூரி 1997இல் வளாகமாகி, 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பொறியியல் பீடம் என்பது பொறியியலாளரான துணைவேந்தர் இருந்த காலத்தில் கைகூடவில்லை. அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 2014இல், கிளிநொச்சி அறிவியல் நகரில் அது முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. மீரியபெத்தை புதைந்ததும் அதே ஆண்டுதான்.

இன்றைய அனுமதி முறையில் கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்படும் 16 மாவட்டங்களுக்கு 5 வீத மேலதிக இடம் உண்டு. அந்தப் பட்டியலில் பதுளையும் இருக்கிறது, யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் இருக்கின்றன. பசறையிலோ லுணுகலையிலோ உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்துச் சித்தியடையும் ஒரு தோட்டத்துப் பிள்ளை இப்போது பேராதனைக்கும் போகலாம், அறிவியல் நகருக்கும் போகலாம். எங்கே போனாலும், மண் பொறியியல் படிக்கும்போது கேம் களி வரும், அந்த உரசல் கணக்கும் வரும்.